மேல்கொத்து

சோசியப் பெட்டி பொய் சொல்லாது என்பது பண்ணையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எடை குறைந்த அன்று, பொய் சொன்னது செடிதான் என்று முடிவாகிவிட்டது.

பெட்டிக்கு அந்தப் பேரை வைத்தது நாங்கள்தான். ஆபீஸில் அதற்கு நீளமாக வேறொரு பேர் உண்டு. ஒரு பாசிப்பயறை அதன் வாயில் போட்டால், பருப்பில் ஊசிமுனை அளவு சுரண்டிப் பார்த்து, முளைக்க வைக்காமலேயே அதன் ஆயுசைச் சொல்லிவிடும். எத்தனை நாளில் பூக்கும், எவ்வளவு வெயில் தாங்கும், மஞ்சள் நோய் வருமா, எத்தனை காய் பிடித்து நெற்றாகும், எல்லாம். கேட்டதெல்லாம் இருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை விழுந்தது விளக்குவீட்டுக்குப் போகும். அங்கே பொழுது சாய்வதே கிடையாது, வருஷத்துக்கு ஏழு தலைமுறை எடுப்பார்கள். சிவப்பு விழுந்தது தகர டப்பாவுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் டப்பாவை அடுப்பில் கொட்டி எரிப்பார்கள். சோதனை விதை எதுவும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம்.

என் வேலை கலப்புக் கூடாரத்தில். மொட்டு விரிவதற்கு முதல் நாள் சாயங்காலம் இடுக்கியால் கீறி, உள்ளே இருக்கிற பத்து மகரந்த இழையையும் பூவுக்கு வலிக்காமல் எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டி, சீட்டு எழுதித் தொங்கவிட வேண்டும். நூறு மொட்டில் ஏழு பிடித்தால் அன்றைக்குத் திருவிழா. சீட்டு எழுதுவதற்காகவே நாற்பத்து நாலு வயதில் எழுத்துப் படித்தேன். அதற்கு முன்பு முப்பது வருஷம் கரிசல் காட்டில் நெற்று பறித்தவள். என் இடுப்பு அந்த முப்பது வருஷத்தில் போனதுதான், திரும்பி வரவில்லை.

பெட்டி வந்த புதிதில் ஒரு நாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஹெப்சிபா என்று பேர், நாசரேத் பக்கம். டாக்டர் என்றாலும் செடிக்குத்தான் டாக்டர்.

“அந்தப் பெட்டி அப்படி என்னத்தம்மா படிக்குது?”

“எழுத்துதான் குருவக்கா. ஒவ்வொரு விதைக்குள்ளயும் எழுதியிருக்கு. மொத்தம் நாலே எழுத்து, அதுவே மாறி மாறி வரும்.”

“நாலா? நான் இருநூத்து நாப்பத்தேழு படிச்சேன், மூணு வருஷம் ஆச்சு. பெட்டிக்கு லேசான வேலைதான்.”

“நாலுதான். ஆனா அம்பது கோடி தடவைக்கு மேல வரும். உக்காந்து படிப்பீங்களா?”

“கூலி குடுத்தாப் படிப்பேன். சரி, அதுல எது நல்ல எழுத்து எது கெட்ட எழுத்துன்னு அதுக்கு யாரு சொல்லுதா?”

“நாங்கதான். என்னென்ன வேணும்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுப்போம். அதுக்கு ஏத்த மாதிரி பச்சையும் சிவப்பும் காட்டும். பட்டியல்ல இல்லாதத அது பாக்கவே பாக்காது.”

4117 என் கை பட்ட செடி. அதன் தாய்ப்பூவுக்குச் சிவப்பு நூல் கட்டியது நான். விளக்குவீட்டில் ஒன்றரை வருஷம் வளர்ந்து, பத்துத் தலைமுறையும் பெட்டியிடம் பச்சை வாங்கி வாங்கி, அந்தத் தை மாதம் முதல் தடவையாக வெளிக்காட்டில் மூன்று பாத்தி நின்றது. இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷத்து வெயிலில் மற்றப் பாத்தியெல்லாம் கருகிப்போக, இது மட்டும் பச்சைச் சேலை உடுத்தினதுபோல நின்றது.

“இதுல என்ன விசேசம் தெரியுமா?” என்று மேஸ்திரி ஆத்திமுத்து எங்களிடம் பெருமை பேசினார். “அம்புட்டு நெத்தும் ஒரே நாள்ல பழுக்கும். வெடிக்காது. மிஷின உள்ள விட்டா ஒரே ஓட்டம். ஒரு காடு, ஒரு மணி நேரம்.”

வெளியே கப்பல் பருப்பு வராமல் போய் ஐந்து வருஷம். ரேஷன் கடையில் பருப்பு போட்டால் அதுவே ஊர்ச் செய்தி. அதனால் ஆராய்ச்சிக்குப் பணம் போடுகிற கம்பெனிக்கு 4117 மேல் ஒரு கண். விதையையும் அறுக்கிற மிஷினையும் சேர்த்தே விற்கலாம் என்பது அவர்கள் திட்டம்.

பறிப்புக்கு வந்தது சீனியம்மாள் கூட்டம். சீனியம்மாள் என் வீட்டுக்காரரின் தங்கை. நாற்பது பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு காடு காடாகப் போவாள். அவள் சொன்ன கூலி, அவள் சொன்ன நேரம். நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் முதல் ஆள்.

அன்று விடியுமுன்னே பறித்து, ஏழு மணிக்கெல்லாம் மூட்டை எடைக்கு வந்துவிட்டது. நெற்றை மிஷினில் போட்டு உடைத்து, தூற்றி, மணியை நிறுத்தார்கள். பாத்திக்குப் பன்னிரண்டு கிலோ என்று பெட்டி சொல்லியிருந்தது. வந்தது எட்டு. அடுத்த பாத்தி, எட்டு. மூன்றாவது, எட்டு சொச்சம்.

ஆத்திமுத்து தராசைத் தட்டிப் பார்த்தார். என்னை ஏறி நிற்கச் சொல்லி அதையும் பார்த்தார்.

“தராசு சரியாத்தான் இருக்கு. செடிதான் ஏமாத்திருச்சு. டாக்டரம்மா நாளைக்கு எட்டு மணிக்கு வாராங்க. பத்து மணிக்கு டிராக்டர். உழுது மூடிற வேண்டியதுதான்.” ஒரு தாளை என்னிடம் நீட்டினார். “சாட்சிக் கையெழுத்து உன்னுது. ‘முழுவதும் பறிக்கப்பட்டது’ன்னு உன் கையால எழுதணும். நாளைக்குக் காலையில குடு.”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சேலைக்கு மேலே என் வீட்டுக்காரரின் பழைய சட்டையைத்தான் அப்போதும் போட்டிருந்தேன். இரண்டு வருஷம் முன்னால் கூடாரத்து ஆட்களுக்கு நீலக் கோட்டு தருவதாகச் சொன்னார்கள். டாக்டரம்மாகூட என்னை நிற்க வைத்து டேப்பால் அளந்தார். கோட்டு வரவேயில்லை. கேட்கவும் கூச்சம்.

மனசு கேட்காமல் சாயங்காலம் பாத்திக்குப் போனேன். பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்றதுபோல இருந்தது.

போய்ப் பார்த்தால் ஒவ்வொரு செடியின் உச்சியிலும் ஒரு கொத்து அப்படியே இருந்தது. கருத்து, காய்ந்து, கலகலவென்று முழுசாகப் பழுத்த நெற்று. கீழே இருந்ததும் நடுவில் இருந்ததும் பறிபட்டிருந்தது. மேல்கொத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஒரு செடி இரண்டு செடி இல்லை, மூன்று பாத்தியும் அப்படியே.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பறித்தவர்களுக்கு மட்டும்தான் விளங்கும். பாசி மூன்று தடவை பழுக்கும். முதல் பறிப்பில் மேல்கொத்து எப்போதும் பச்சைதான், அதைத் தொடக்கூடாது. வெயில் ஏறினால் நெற்று வெடிக்கும் என்பதால் பனி ஈரத்தோடு இருட்டிலேயே பறிப்போம். அந்த நேரத்தில் கண்ணுக்கு வேலை இல்லை, கைதான் பார்க்கும். இந்தச் செடி வெடிக்காது, வெளிச்சம் வந்தபிறகு பறித்தால் போதும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆபீஸில் இருந்தவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரிந்திருக்காது. நாற்பது பேர் கையும் முப்பது வருஷப் பழக்கத்தில் மேல்கொத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறது.

வேன் கிளம்புகிற இடத்துக்கு வேகமாக நடந்தேன். சீனியம்மாள் வேன் படியில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி சீனி, மேல்கொத்த விட்டுட்டு வந்திருக்கியளே!”

“தெரியும் மைனி.”

“தெரியுமா?”

“மூட்டை கட்டும்போது விடிஞ்சிருச்சுல்லா. திரும்பிப் பாத்தேன். அடிப் பாவிகளா, அம்புட்டும் பழுத்துல்ல கிடக்குன்னு சிரிச்சேன்.” இப்போதும் சிரித்தாள். “கை பண்ணுன வேலை. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.”

“பாத்தவ திரும்பப் போய்ப் பறிக்க வேண்டியதுதானே?”

வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றாள். அதற்குள் சிரிப்பு போய்விட்டது.

“எதுக்குப் பறிக்கணும்? எடைக்கு மூட்டை கொண்டுபோனப்ப ஆத்திமுத்து சொன்னத நானும் கேட்டேன். ஒரே நாள்ல பழுக்குமாம், மிஷின் வருமாம். இந்தக் காடு, அந்தக் காடு, முதப் பறிப்பு, ரெண்டாம் பறிப்புன்னு நாப்பது நாளு எங்களுக்கு வேலை. இந்தச் செடி வந்தா ஒரு நாளு. அதுவும் எங்களுக்கு இல்ல. நீ சும்மா இருந்தாப் போதும் மைனி. பொய் சொல்ல வேண்டாம். சும்மா இரு.”

“சும்மா இருக்க முடியாது. முழுசும் பறிச்சாச்சுன்னு என் கையால எழுதித் தரணுமாம்.”

“எழுது. இதுக்குத்தானே ராத்திரிப் பள்ளிக்கூடம் போயிப் படிச்சே.”

சுருக்கென்றது. அவளுக்கும் தெரிந்திருக்கும். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஒண்ணு சொல்லுதேன். இன்னைக்கு நாங்க குனியவே இல்ல மைனி. நின்னுக்கிட்டே பறிச்சோம், பந்தி பரிமாறுன மாதிரி. பூச்சாத்தா கிழவி ‘என் முதுகு எங்கடி போச்சு’ன்னு தடவித் தடவிப் பாக்கா. எனக்கு அழுக வந்திருச்சு. அப்படிச் செடிய நம்மள வீட்டுக்கு அனுப்பத்தான் செஞ்சிருக்காங்க பாரு. உன் இடுப்பு ஒண்ணுக்காக நாப்பது அடுப்பு அணையணுமா?”

வேன் ஹாரன் அடித்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். எழுதுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணிவிட்டுப் போகவில்லை. கை போன பாட்டுக்குப் பறித்தேன். இடுப்பு நேராக நின்றது. கழுத்து நிமிர்ந்து, எதிரே சூரியன் கிளம்புவது தெரிந்தது. முப்பது வருஷம் நெற்று பறித்தேன், ஒரு நாளும் நான் பறிக்கும்போது சூரியன் கிளம்புவதைப் பார்த்ததில்லை. என் நிழலைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பாத்தி முடிய ஒரு மணி நேரம் ஆனது. காலால் மிதித்து உடைத்து, புடைத்து, நிறுத்தேன். நாலு கிலோவுக்குப் பத்து கிராம் குறைவு. எட்டும் நாலும் பன்னிரண்டு. பெட்டி சொன்னது சரி. செடியும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல இருந்தது என் பையில் மடித்து வைத்த தாள் ஒன்றுதான். அதையும் நான் எழுதினால்தான் உண்டு.

டாக்டரம்மா எட்டு மணிக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. சாக்கை அவர் மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். சீனியம்மாள் திரும்பிப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. கை பழக்கம் என்றேன், அதுவும் உண்மைதானே.

அவர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி மணியை அள்ளிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், ஆத்திமுத்துவுக்குப் போன் போட்டு டிராக்டரை நிறுத்தினார்.

“எட்டுக் கோடிப் பேருக்குப் பருப்பு குருவக்கா. நீங்க வரலேன்னா இன்னைக்கு மண்ணுக்குள்ள போயிருக்கும்.”

“சும்மா வரல டாக்டரம்மா. எங்க பிள்ளைக வேலைய வெட்டுற மிஷினுக்குன்னே இந்தச் செடியப் பண்ணியிருக்கிய. அதத் தெரிஞ்சுதான் வந்திருக்கேன். நாப்பது பேரு என்னை ஏசப் போறா. அதுக்குப் பதில் சொல்லுங்க.”

“மிஷினுக்குன்னேயா?” அவர் எழுந்து பெட்டியின் திரையை என் பக்கம் திருப்பினார். “இதுதான் பட்டியல். படிங்க.”

எனக்கு வேகமாகப் படிக்க வராது. விரல் வைத்துத்தான் படிப்பேன். வெப்பம், 48 டிகிரி. மஞ்சள் நோய், இல்லை. புரதம், 27. ஒரே நாள் பழுப்பு, ஆம். நெற்று வெடிப்பு, இல்லை. அதற்குக் கீழே கடைசி வரிக்கு விரல் போனது. ஒரு தடவை படித்தேன். தப்பாகப் படித்தேன் என்று எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்தேன்.

குருவம்மாள் இடுப்பு, 86 செ.மீ.

“நீங்கதான் கேட்டீங்க,” என்றார் டாக்டரம்மா. “கூடாரத்துல எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தப்ப. ‘என் இடுப்பு உசரத்துக்குக் காய்க்கட்டும்னு ஒரு வரி போடுங்க’ன்னு. அடுத்த வாரமே டேப் எடுத்துட்டு வந்து அளந்தேனே.”

“கோட்டுக்குன்னுல்ல நெனச்சேன்!”

“கோட்டா? கோட்டுக்கு யாராவது தரையிலருந்து இடுப்பு வரைக்கும் அளப்பாங்களா?”

“நான் கோட்டு போட்டிருந்தால்ல தெரியும்.”

“ஒரே பழுப்பு கம்பெனி கேட்டது. உசரம் அவங்க கேட்கல. உசரமா இருந்தா மிஷின் பல்லுல சிக்கும், இந்த வரிய எடுங்கன்னு ரெண்டு தடவை கடிதம் போட்டாங்க. நான் எடுக்கல.”

நான் உட்கார்ந்துவிட்டேன். மேலதிகாரி முன்னால் உட்காருவது அதுதான் முதல் தடவை. இரண்டு வருஷமாக, பெட்டிக்குள் போன ஒவ்வொரு பயறையும் என் இடுப்பு உயரத்துக்கு எட்டுமா என்று பார்த்துத்தான் அது பச்சையும் சிவப்பும் காட்டியிருக்கிறது. எத்தனை ஆயிரம் பயறு. நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் சீனியம்மாள் கேட்டதற்கு இது பதில் இல்லை. வேன் படியில் அவள் உட்கார்ந்திருந்தது கண்முன்னாலேயே நின்றது.

“அப்ப இன்னொரு வரி போடுங்க,” என்றேன்.

“என்ன வரி?”

“ஒரே பழுப்பு வேண்டாம். மூணு தடவை பழுக்கட்டும். உசரம் அதேதான். கம்பெனிக்கு 4117 போகட்டும், பெரிய காட்டுக்காரன் மிஷின் ஓட்டட்டும், ஊருக்குப் பருப்பு வரட்டும். ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வச்சிருக்கவன் மிஷினுக்கு எங்க போவான்? அவன் காட்டுக்கு எங்க ஆளுக வேணும். அதுக்கு ஒரு செடி குடுங்க.”

“ஒரு தடவை மழை தப்புனாலும் மூணு பறிப்புல ஒண்ணாவது கைக்கு வரும்…” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் தலையை ஆட்டினார். “விதை வேணுமே. ஒரே பழுப்பு இல்லாததெல்லாம் சிவப்பு விழுந்து எரிச்சாச்சு.”

“இன்னைக்கு வியாழக்கிழமை,” என்றேன்.

தகர டப்பாவை நானே தூக்கி வந்தேன். அதில் இருந்தது முந்நூற்றுப் பதினேழு பயறு. அவர் ஒரு வரியை அழித்து ஒரு வரியை எழுதினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கேள்வியை மாற்றிக் கேட்டதும், இந்த வாரம் சிவப்பு காட்டின அதே பயறுக்குப் பெட்டி பச்சை காட்டியது. மத்தியானச் சோற்று நேரத்துக்குள் பதினோரு பச்சை.

ஆத்திமுத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சோசியம் பிடிக்கலேன்னா வேற கட்டம் போட்டுப் பாப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்கதான் நேர்ல பாக்கேன்.”

சீனியம்மாளிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு பயறு என்றதும் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

“பதினோரு பயறு. இதை வச்சு நாப்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சுவியோ?”

அதற்கப்புறம் மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை.

அவள் சொன்னதும் நடந்தது. கம்பெனி மிஷினின் பல்லை உயர்த்திக்கொண்டது. 4117 கிழக்கே பெரிய காடுகளில் கடல்போல நின்றது. ரேஷன் கடையில் மாதா மாதம் பருப்பு போட்டார்கள். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் சாம்பார் மணத்தது. அதே தெருவில் சீனியம்மாளின் வேன் விலைபோனது. நாற்பதில் பத்தொன்பது பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார்கள். பூச்சாத்தா கிழவி எங்கேயும் போகவில்லை, வீட்டில் இருந்துவிட்டாள். நான் அவளைப் பார்க்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பருப்பு எடுத்துப் போனால் மட்டும் வாங்கிக்கொள்வாள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. எழுதாமல் விட்ட அந்தத் தாளைப் பற்றி வருத்தம் இல்லை.

பதினோரு பயறு விளக்குவீட்டில் பதினாலு தலைமுறை பார்த்தது. தங்களுக்கு வேண்டாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டதால், பண்ணைப் பேரிலேயே விதை வந்தது. சின்னக் காட்டுக்காரர்களுக்குப் படி படியாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பைக்கும் நான்தான் சீட்டு எழுதினேன். மழைக்கு முன்னால் சீனியம்மாள் தானே ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, வேறு ஆளை அனுப்பி விதை வாங்கினாள். தெரியாதவள் போல நானும் கொடுத்தேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சீனியம்மாள் ஆள் அனுப்பினாள், காட்டுக்கு வரச் சொல்லி. போனேன். நன்றாக வெயில் வந்துவிட்டது. இருபத்தொரு பெண்கள் நிரையில் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். நேராக நின்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து, வாயாடிக்கொண்டு. மூன்றாவது நிரையில் பூச்சாத்தா கிழவி.

சீனியம்மாள் என்னைப் பார்த்தாள். கையை நிறுத்தாமலேயே பேசினாள்.

“மைனி, இது உனக்கு அளந்து செஞ்ச செடி. நான் உன்னைவிட நாலு விரக்கடை உசரம், தெரியும்ல? அந்த நாலு விரக்கடைக்கு நான் இன்னும் குனிய வேண்டியிருக்கு. அந்த டேப்ப எடுத்துக்கிட்டு டாக்டரம்மாவ வரச் சொல்லு.”

“சொல்லுதேன். கோட்டும் சேத்துக் கேக்கவா?”

“கேளு. நீலத்துல வேண்டாம்.”

சொல்லிக்கொண்டே அடுத்த செடிக்கு நகர்ந்தாள். அவள் கை கீழ்க்கொத்தைப் பறித்தது. நடுவில் நாலு நெற்றைத் தடவிப் பார்த்து, இரண்டைப் பறித்தது. மேலே போனது, நின்றது, மேல்கொத்தைத் தொடாமல் இறங்கி வந்தது.

இந்தத் தடவை அது பச்சைதான். பழுக்க இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.